கடைசிக் காசும் சிறைச்சாலைக்காரனும்

தியானத்திற்கான வேதபகுதி: லூக்கா 3:10–14; அப்போஸ்தலர் 16:19–36



யோர்தான் நதியோரத்தில் யோவான் ஸ்நானகனிடம் வந்த கூட்டத்தாரில் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் இருந்தனர். மனந்திரும்பியபின் தாங்கள் செய்யவேண்டியது என்ன என்று அவர்கள் கேட்டார்கள். உத்தியோகத்தை விட்டுவிட்டு வனாந்தரத்திற்கு வந்துவிடுங்கள் என்று யோவான் அவர்களுக்குச் சொல்லவில்லை. விதிக்கப்பட்டதற்கு மேல் வாங்காதிருக்க ஆயக்காரருக்குக் கற்பித்தார். எவரையும் மிரட்டிப் பணம் பறிக்காமல் தங்களுக்குரிய சம்பளத்தில் நிறைவு காணும்படி சேவகருக்குச் சொன்னார். மனந்திரும்புதலைப் பற்றிய அந்தப் போதனையில் சம்பளத்தைப் பற்றிய பேச்சு வந்திருப்பதை நாம் பலமுறை வாசித்தும் கடந்து சென்றிருக்கிறோம்.

பிறரைக் காவலில் வைத்திருக்கும் அதிகாரம் ஒருவன் கையில் இருக்கும்போது, அவனுடைய அப்பம் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வி சிறிய கேள்வி அன்று. இங்கிலாந்தின் கவுண்டிச் சிறைகளின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. கவுண்டி என்பது நம்முடைய மாவட்டத்தைப் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு சிறை இருந்தது. அதற்குச் சட்டப்படி பொறுப்பாளர் ஷெரிப். சென்னையிலும் ஷெரிப் என்னும் கௌரவப் பதவி நெடுங்காலம் இருந்ததை நம்மில் மூத்தோர் அறிவர். இந்த வாரம் பெட்ஃபோர்டு என்னும் சிறிய நகரத்துக் கவுண்டிச் சிறையிலிருந்து தொடங்கி இக்காரியத்தைச் சிந்திப்போம்.

பனியனின் காவலன்

பெட்ஃபோர்டு சிறையின் பெயர் நமக்கு அந்நியமானதன்று. 'மோட்ச பிரயாணம்' என்னும் நூலைத் தந்த ஜான் பனியன், உரிமம் இன்றிப் பிரசங்கித்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1660 நவம்பரில் கைதானார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், 1672 வரை, அந்தக் கவுண்டிச் சிறையில் கைதியாக இருந்தார். பார்வையற்ற மூத்த மகளும் மற்றப் பிள்ளைகளும் மனைவியும் வெளியே இருந்தனர். பனியன் சிறைக்குள் அமர்ந்து காலணி நாடாக்களுக்கு நுனி கட்டி விற்றுக் குடும்பத்திற்கு உதவினார்.

அந்தச் சிறையின் காவலன் ஆரம்ப நாட்களில் அவரிடம் இரக்கம் காட்டினான். சில வேளைகளில் வெளியே சென்றுவர அவரை அனுமதித்தான். பனியன் லண்டன் வரை சென்றுவந்த செய்தி எதிரிகளின் செவிக்கு எட்டியபோது, அந்தக் காவலனின் வேலையே பறிபோகும் நிலை வந்தது. அதன்பின் பனியன் வாசற்படியைத் தாண்டவும் தடை ஏற்பட்டது. சிறையைக் காக்கிறவன் இரக்கம் காட்டினால் அதற்கு அவனே விலை கொடுக்கவேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சம்பளம் இல்லாத உத்தியோகம்

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பல கவுண்டிச் சிறைகளில் சிறை அதிகாரிக்குச் சம்பளமே கிடையாது. அவன் கைதிகளிடம் வாங்கும் கட்டணமே அவனுடைய பிழைப்பு. சிறைக்குள் நுழையக் கட்டணம், படுக்கைக்குக் கட்டணம், விலங்கின் பாரத்தைக் குறைக்கக் கட்டணம், விடுதலையாகும் நாளில் கதவு திறக்கக் கட்டணம் என்று அவை நீண்டன. பல சிறைகளில் மதுபானம் விற்கும் உரிமையும் அவனிடமே இருந்தது. கைதிகள் குடித்துக் களிக்கும் அளவிற்கு அவனுடைய வருமானம் பெருகியது. ஒழுங்கைக் காக்கவேண்டியவன் ஒழுங்கீனத்தால் ஆதாயம் அடைந்தான்.

இந்த ஏற்பாட்டின் கொடுமை பலமுறை வெளிப்பட்டது. லண்டன் ஃபிளீட் சிறையின் காவலர் பதவி ஒரு சொத்தைப்போல வாங்கி விற்கப்பட்டது. ஹக்கின்ஸ் என்பவர் 5,000 பவுனுக்கு அதை பாம்பிரிட்ஜ் என்பவருக்குக் கைமாற்றினார். போட்ட முதலைத் திரும்ப எடுக்க வேண்டியவன் கைதிகளை எப்படி நடத்துவான்? ராபர்ட் காஸ்டெல் என்னும் கட்டடக்கலைஞர் கடனுக்காக அங்கே அடைக்கப்பட்டார். கேட்ட கட்டணத்தை அவரால் கொடுக்க இயலாதபோது, அம்மை நோய் இருந்த வீட்டில் அவர் வைக்கப்பட்டார், அந்நோயினாலேயே மாண்டார். 1729இல் ஜேம்ஸ் ஓகிள்தார்ப் தலைமையில் பாராளுமன்றக் குழு விசாரித்தது. பாம்பிரிட்ஜ் பதவி நீக்கம் செய்யப்பட்டார். கொலைக்குற்ற விசாரணையில் விடுதலை பெற்றார். தீயவன் என்று எண்ணப்பட்ட ஒரு மனிதன் அகற்றப்பட்டான். அவனை உருவாக்கிய கட்டண முறையோ நாடெங்கும் அப்படியே நின்றது.

இதற்கு எதிரான காட்சியும் உண்டு. பிரிஸ்டல் நகரத்து நியூகேட் சிறையின் காவலர் ஏபெல் டாக் என்பவர். ஜார்ஜ் விட்ஃபீல்டின் பிரசங்கத்தால் மனந்திரும்பியவர் என்று அவரைக் குறித்துச் சொல்வார்கள். ரிச்சர்டு சாவேஜ் என்னும் கவிஞர் கடனுக்காக அங்கே அடைபட்டபோது, கைம்மாறு கிடைக்கும் என்ற உறுதி எதுவுமின்றி டாக் அவருக்குத் தனியறை கொடுத்தார். தம் சொந்தப் பந்தியில் உணவளித்தார். 1743 ஆகஸ்டில் சாவேஜ் மாண்டபோது அடக்கச் செலவையும் அவரே ஏற்றார். தேவகிருபை ஒரு சிறைக்காவலனின் இருதயத்தில் என்ன செய்யக்கூடும் என்பதற்கு இது அழகிய சாட்சி. எனினும் டாக் இருந்த சிறையில் மட்டுமே அந்த இரக்கம் இருந்தது. அடுத்த ஊரில் அடைபட்டவனுக்கு அது எட்டவில்லை.

ஒரு ஷெரிப் உள்ளே நுழைந்தார்

இந்நிலையில் 1773இல் ஜான் ஹாவர்டு என்பவர் பெட்ஃபோர்டுஷயரின் ஷெரிப்பாக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழை ஒட்டியிருந்தது. கார்டிங்டன் கிராமத்தில் நிலமுடையவர். ஆங்கிலிக்கன் சபையைச் சேராத பக்தர். அத்தகையோர் அரசுப் பதவி ஏற்பது சட்டப்படி தண்டனைக்கு இடமளிக்கக்கூடியது. அதை அறிந்தே அவர் ஏற்றார். சிறை வாழ்வு அவருக்கு முற்றிலும் புதிதன்று. 1756இல் லிஸ்பன் நோக்கிக் கப்பலில் சென்றபோது பிரெஞ்சுக்காரர் அவரைச் சிறைபிடித்து பிரெஸ்ட் கோட்டையில் அடைத்தார்கள். உணவும் நீருமின்றி வாடியதன் நினைவு அவருக்குள் இருந்தது.

ஷெரிப்புகள் சிறையைக் குறித்த வேலைகளைத் தமக்குக் கீழுள்ளவரிடம் விட்டுவிடுவதே வழக்கம். ஹாவர்டு தாமே உள்ளே சென்று பார்த்தார். அங்கே அவரைத் தடுமாறச் செய்தது இருளோ துர்நாற்றமோ மட்டுமன்று. நடுவர்களால் குற்றமற்றவர் என்று தீர்க்கப்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். விசாரணைக்கே போதிய ஆதாரம் இல்லை என்று விடப்பட்டவர்கள் இருந்தார்கள். குற்றஞ்சாட்டியவரே நீதிமன்றத்திற்கு வராததால் வழக்கு முடிந்தவர்களும் இருந்தார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து நீதி பெற்ற பிறகும் அவர்கள் மீண்டும் சிறைக்கே இழுத்துவரப்பட்டார்கள். காரணம், கட்டணம் செலுத்தவில்லை. சிறை அதிகாரிக்கு 15 ஷில்லிங் 4 பென்ஸ், கதவைத் திறந்துவிடும் கீழ்நிலைக் காவலனுக்கு 2 ஷில்லிங். ஒரு பண்ணைத் தொழிலாளி ஏறத்தாழ இரண்டு வாரம் உழைத்தால் ஈட்டும் தொகை அது. சிறையில் அடைபட்டிருந்தவன் அதை எங்கே போய் ஈட்டுவான்?

கடைசிக் காசைக் கொடுத்துத் தீர்க்குமளவும் வெளியே வரமாட்டாய் என்று நம் ஆண்டவர் மத்தேயு 5:26இல் எச்சரித்தது கடன்பட்டவனுக்கு. பெட்ஃபோர்டில் அந்தக் கடைசிக் காசு, எதற்கும் கடன்படாத நிரபராதியிடம் கேட்கப்பட்டது.

ஹாவர்டு சிறை அதிகாரியைக் கடிந்துகொண்டு திரும்பிவிடவில்லை. கவுண்டி மாஜிஸ்திரேட்டுகளிடம் சென்று, அந்த அதிகாரிக்குக் கட்டணத்திற்குப் பதிலாகச் சம்பளம் கொடுங்கள் என்று விண்ணப்பித்தார். அவர்கள் நியாயத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கவுண்டியின் மீது அந்தச் செலவைச் சுமத்த முன்னுதாரணம் வேண்டும் என்றார்கள். முன்னுதாரணத்தைத் தேடி ஹாவர்டு குதிரையேறினார். கேம்பிரிட்ஜ், ஹண்டிங்டன், நார்தாம்ப்டன், லெஸ்டர், நாட்டிங்ஹாம் என்று பக்கத்துக் கவுண்டிகளைப் பார்த்தார். தேடிய முன்னுதாரணம் கிடைக்கவில்லை. அதே அநியாயம் எங்கும் கண்ணில் பட்டது. அந்தத் தேடல் பிறகு நிற்கவேயில்லை.

கணக்கில் எழுதப்பட்ட இரக்கம்

1774 மார்ச்சில் பாராளுமன்றக் கீழவையின் குழுமுன் ஹாவர்டு சாட்சி சொன்னார். அவை அவரை அழைத்து நன்றி கூறியது. இத்தனை சிறைகளையும் யாருடைய செலவில் பார்த்துவந்தீர் என்று ஓர் உறுப்பினர் வினவியதாகச் சொல்வார்கள். தன் சொந்தச் செலவில் ஒருவன் இதைச் செய்வான் என்பது அவருக்கு நம்பக்கூடியதாயில்லை. அதே ஆண்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. முதலாவது, குற்றமற்றவராய் விடுவிக்கப்படுவோரிடம் விடுதலைக் கட்டணம் வாங்கக்கூடாது என்றது; அதற்கு ஈடாகக் கைதி ஒருவருக்கு 13 ஷில்லிங் 4 பென்ஸுக்கு மிகாத தொகையைக் கவுண்டியின் வரிப்பணத்திலிருந்து சிறை அதிகாரிக்குக் கொடுக்க வழிசெய்தது. இரண்டாவது, கைதிகளின் சுகத்தைப் பற்றியது: ஆண்டுதோறும் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும், காற்றோட்டம் உண்டாக்கவும், நோயாளிகளுக்குத் தனி அறை ஒதுக்கவும், மருத்துவரை நியமிக்கவும் கட்டளையிட்டது.

சட்டம் இயற்றப்பட்டால் போதும் என்று ஹாவர்டு எண்ணவில்லை. அவற்றைத் தம் செலவில் அச்சிட்டுக் கவுண்டிச் சிறை அதிகாரிகளுக்கு அனுப்பினார். பிறகு தாமே சென்று, நடைமுறைக்கு வந்ததா என்று பார்த்தார். சிறைக்காய்ச்சல் என்று அன்று அழைக்கப்பட்டது பேன்களால் பரவும் டைபஸ் நோய். தூக்கிலிடப்பட்டவர்களைவிட அந்நோயால் மாண்ட கைதிகளே அதிகம் என்று அவர் எழுதினார். அது கைதிகளோடு நிற்கவும் இல்லை. 1750இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் பரவி நகர மேயர் சாமுவேல் பென்னன்ட்டையும் நீதிபதிகளையும் பறித்துச் சென்றது. ஹாவர்டின் உடையில் சிறையின் நாற்றம் ஏறியிருந்ததால் மூடிய வண்டியில் பயணம் செய்ய இயலாமல் பெரும்பாலும் குதிரையிலேயே சென்றார். குறிப்பேட்டைக்கூட நெருப்பின் முன் விரித்துக் காட்டிய பின்பே உபயோகித்தார்.

1777இல் அவருடைய 'சிறைகளின் நிலை' என்னும் நூல் வெளிவந்தது. அதில் உருக்கமான பிரசங்கம் குறைவு, கணக்கு மிகுதி. ஒவ்வொரு சிறைக்கும் அதிகாரி யார், சம்பளம் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, மது விற்கும் உரிமம் உண்டா, கைதிக்குத் தினமும் எவ்வளவு அப்பம், போதகருக்கும் மருத்துவருக்கும் என்ன ஊதியம் என்று வரிசையாக எழுதியிருந்தார். சம்பளத்திற்கு எதிரே 'இல்லை' என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் தாம் எண்ணிய 4,084 கைதிகளில் 2,437 பேர் கடனாளிகள் என்றும் அவர் பதிவுசெய்தார்.

அந்நூலில் அவர் முதன்மையாக வைத்த ஆலோசனை சுவரைப் பற்றியதன்று. நேர்மையும் சுறுசுறுப்பும் மனிதநேயமும் உள்ள நல்ல மனிதனைச் சிறை அதிகாரியாகத் தேடுங்கள். அவன் மது விற்க இடங்கொடாதீர்கள். அவனுடைய பொறுப்புக்கும் பாடுக்கும் ஏற்ற சம்பளம் கொடுங்கள் என்பதே அதன் சாரம். நல்ல மனிதனும் வேண்டும், அவன் நல்லவனாய் நிலைத்திருக்க இடங்கொடுக்கும் ஏற்பாடும் வேண்டும் என்று அவர் கண்டார்.

பலன் மெதுவாகவே வந்தது. ஹாவர்டு 1790 ஜனவரியில், கருங்கடலுக்கு அருகேயுள்ள கெர்சோன் நகரில் காய்ச்சலால் இறந்து அப்பகுதியிலேயே அடக்கம் பண்ணப்பட்டார். சிறைக் கட்டணங்கள் சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1815இல். அவர் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு. சிறை அதிகாரிகளுக்குச் சம்பளமும், பெண் கைதிகளுக்குப் பெண் காவலரும் வேண்டும் என்ற பொது விதி 1823ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 1877ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கவுண்டிச் சிறைகள் மத்திய அரசின் கைக்கு மாறின. அவர் விரும்பிய எல்லாம் நன்மையாகவே முடியவும் இல்லை. இரவில் ஒவ்வொருவருக்கும் தனியறை வேண்டும் என்ற அவருடைய யோசனையைப் பின்வந்தோர் இரவும் பகலும் நீளும் தனிமைச் சிறையாக மாற்றினார்கள். அதில் பலர் புத்தி பேதலித்தனர். மனிதரின் நல்ல திட்டமும் கண்காணிப்பின்றி விடப்பட்டால் நுகமாகிவிடும்.

கடல் கடந்த பழக்கம்

இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் கவுண்டியையும் ஷெரிப்பையும் சிறையையும் அமெரிக்காவிற்குக் கொண்டுசென்றார்கள். இன்றும் அந்நாட்டின் பெரும்பாலான இடங்களில் கவுண்டிச் சிறையை நடத்துகிறவர், மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஷெரிப்பே. அங்கே அடைபட்டிருப்போரில் பெரும்பாலோர் இன்னும் தீர்ப்புப் பெறாதவர்கள். பழைய நோயும் சில இடங்களில் கூடவே சென்றது.

அலபாமா மாநிலத்தில், கைதி ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு 1.75 டாலர் என்று அரசு ஷெரிப்பிடம் கொடுத்தது. செலவு போக மிஞ்சியதை அவர் தமக்கென எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய சட்டம் பொருள்கொள்ளப்பட்டு வந்தது. மார்கன் கவுண்டியில் ஒரு ஷெரிப் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 2,12,000 டாலரை அவ்வாறு எடுத்துக்கொண்டார். கைதிகள் போதிய உணவின்றி இருந்தனர். 2009 ஜனவரியில் மத்திய நீதிபதி ஒருவர் அந்த ஷெரிப்பையே காவலில் வைக்க உத்தரவிட்டார். அவ்வழக்கத்திற்கு முடிவுகட்டும் சட்டம் 2019இல்தான் வந்தது. மனிதன் ஒருவனின் தட்டில் குறைவது இன்னொருவனின் பையில் கூடும் என்ற ஏற்பாடு இருக்கும்வரை, ஹாவர்டின் குதிரைக்கு ஓய்வில்லை என்றே தோன்றுகிறது.

பிலிப்பி பட்டணத்துக் காவலன்

இப்போது அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்திற்கு வருவோம். பவுலையும் சீலாவையும் உட்காவலறையில் அடைத்துத் தொழுமரத்தில் கால்களை மாட்டியவன் அந்தச் சிறைச்சாலைக்காரன். கைதிகள் ஓடிப்போயிருப்பார்கள் என்று எண்ணியபோது அவன் பட்டயத்தை உருவித் தன் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தான். தப்பியவனுக்காகக் காவலன் தன் உயிரால் பதில் சொல்லவேண்டிய ராஜ்யம் அது. அச்சத்தில் வாழ்கிறவன் இரக்கம் காட்டுவது கடினம். அவனைத் தடுத்த குரல் ஒரு கைதியின் குரல்.

அவன் விசுவாசித்த அந்த இரவில் செய்த முதல் காரியங்களைப் பாருங்கள். கைதிகளின் காயங்களைக் கழுவினான்; தன் வீட்டிற்கு அழைத்துத் தன் பந்தியில் உணவு வைத்தான். கைதியிடமிருந்து வீட்டிற்குப் போகும் வழி திரும்பி, வீட்டிலிருந்து கைதிக்கு அப்பம் வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். விடிந்தபோது அதிகாரிகளின் செய்தியைப் பவுலுக்கு அறிவித்தவனும் அவனே. ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் காலையில் அவன் தன் வேலையில் இருந்தான்! யோவான் ஸ்நானகன் சேவகருக்குச் சொன்னதும் இதற்கு இசைவானதே.

பிரியமானவர்களே, சிறையிலிருப்பவர்களை விசாரிக்க வந்தவர்களைக் குறித்து நம் ஆண்டவர் மத்தேயு 25இல் பேசினார். ஆகவே கைதிகளுக்காக ஜெபிக்க நாம் கற்றிருக்கிறோம்; பண்டிகை நாட்களில் ஆடையும் பலகாரமும் கொண்டுசெல்கிறோம். கதவின் இப்பக்கத்தில் சாவியோடு நிற்கும் சிறைக்காவலருக்காக நம் சபைகளில் எத்தனை முறை ஜெபித்திருக்கிறோம்? பிறர் குடும்பமாய்க் கூடும் இரவுகளில் கம்பிகளின் நடுவே நடப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய ஊதியமும் ஓய்வும் பாதுகாப்பும், உள்ளே இருப்பவனின் உணவோடும் மாண்போடும் பிணைந்தவை. இதைக் கேட்பது அரசியல் பேச்சு என்று ஒதுக்கிவிடலாகாது. பெட்ஃபோர்டு மாஜிஸ்திரேட்டுகளின் முன் ஒரு விசுவாசி வைத்த விண்ணப்பம் இதுவே.

நம் அனைவரிடமும் ஏதோ ஒரு சாவி இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு கையெழுத்து, மருத்துவமனையில் ஒரு வாசல், பள்ளியில் ஒரு சேர்க்கை, வீட்டில் வேலை செய்பவரின் விடுப்பு, சபையில் ஒரு சான்றிதழ். அந்தக் கதவின் முன் காத்திருப்பவரின் அவசியத்திலிருந்து நமக்கு ஏதேனும் ஆதாயம் வருகிறதா? வருமானால், நாம் எவ்வளவு மென்மையாகப் பேசினாலும் அந்த ஏற்பாடு காலப்போக்கில் நம் இருதயத்தைக் கடினமாக்கும். நமக்குரிய ஊதியம் போதும் என்று நிற்பதற்கும், நமக்குக் கீழே உழைப்பவருக்குப் போதுமான ஊதியம் கொடுப்பதற்கும் இந்த வாரம் தேவன் நம்மைப் பலப்படுத்துவாராக.

ஜெபம்

சிறைப்பட்டவர்களின் பெருமூச்சைக் கேட்கிற ஆண்டவரே, நிரபராதியாய் இருந்தும் அடைபட்டிருப்போரை நினைத்தருளும். சாவிகளைச் சுமக்கும் காவலர்களின் கைகளைச் சுத்தமாயும் இருதயத்தை இளகியதாயும் காத்தருளும். அவர்கள் பிள்ளைகளின் அப்பம் பிறருடைய கண்ணீரால் நனையாதிருக்கச் செய்யும். எங்கள் கையிலுள்ள கதவுகளைக் காசு கேளாமல் திறக்க எங்களுக்குக் கற்பியும். உமது குமாரனாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.